மூன்றாம் நாள் ஊற்றிய தண்ணீர்

என் ஏழுமலை மாமாவுக்கு,

இருபத்திரண்டு வருஷம் உன்னோடு குடித்தனம் செய்த அம்சா எழுதுகிறேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன்னை மாமா என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டேன். செத்துப்போன புருஷனுக்கு எழுதும்போது மரியாதை கூட்டி, 'தாங்கள்' என்று எழுத வேண்டும் என்கிறாள் நம் மகள் திவ்யா. எனக்கு வராது. உனக்கும் பிடிக்காது.

நீ போன பிறகு தெருவில் எனக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். "புருசன் செத்த மூணாம் நாளு புல்லுக்குத் தண்ணி ஊத்துனவ." ரேஷன் கடை வரிசையில் என் காதுபடவே சொல்கிறார்கள். ஊற்றியது உண்மை. அதை மறைக்க இதை எழுதவில்லை, முழுசாகச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

புல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நீ கம்பி உருக்கும் கம்பெனியில் சேர்ந்தபோது கான்ட்ராக்ட் ஆள். கிரேன் ஓட்ட ஏறினதெல்லாம் பிறகுதான். கேன்டீனில் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான் இடம். ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் முன்னால் இருந்த புல்தரையில், மர நிழலில், டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாய். செக்யூரிட்டி ஓடிவந்து எழுப்பியிருக்கிறான். எழுப்பினதோடு விடவில்லை. கீழே சிந்தின சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லி, பொறுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறான். நீ இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மனையை வாங்கி வீடு கட்டி முடித்ததும், முன்னால் இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். உன் அண்ணன் தென்னை வைக்கச் சொன்னார். உன் தங்கை சாந்தி முருங்கையும் கீரைப் பாத்தியும் போடச் சொன்னாள். நான்கூட, ஒரு கடை கட்டி வாடகைக்கு விடலாமே என்றேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒண்ணுத்துக்கும் ஒதவாத புல்லு வெக்கணும் அம்சா, சொம்மா உக்கார்றதுக்கு" என்றாய்.

"ஒதவாதத எதுக்கு வெக்கணும்?"

"எங்கப்பன் ஊரான் நெலத்துல நட்டான், அறுத்தான். ஒரு பிடி அவனுது கெடையாது. நான் இரும்பு தூக்கறேன், அதுவும் என்னுது இல்ல. என் எடத்துல ஒரு துண்டு சொம்மா இருந்துட்டுப் போவட்டுமே. இன்னா கெட்டுப் போச்சு?"

இப்போது யார் கேட்டாலும் அதையே திருப்பிச் சொல்கிறேன்.

மாசி மாதம் உன் கம்பெனியில் புது ஷெட் போடுவதற்காகப் பழைய புல்தரையில் ஒரு பக்கத்தைப் பெயர்த்தார்கள். தோட்ட வேலை பார்க்கிற முனியம்மா அக்காதான், குப்பைக்குப் போக இருந்த புல்லைச் சூப்பர்வைசரிடம் கேட்டு, கோணிப்பைகளில் கட்டி உனக்குக் கொடுத்தாள். "வெயிலு காலம் வருது, இப்ப நட்டா கஷ்டம்டா ஏழுமல. ஆனா வேற எப்பக் கெடைக்கும்? பதினஞ்சு நாளு ரெண்டு வேள வுடாம தண்ணி காட்டு. ஒரு நாள் ஏமாந்தாலும் போச்சு" என்று சொல்லி அனுப்பினாள்.

கட்டடக் கழிவு கொட்டி மேடாக்கின மனை அது. மேலே ஒரு லோடு வண்டல் மண் போட்டு, நீ கொத்தினாய், நான் கல் பொறுக்கினேன். அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை. நூலைக் கட்டி, விரல்கடை இடம் விட்டு, ஒவ்வொரு கொத்தாக நட்டோம். சாயங்காலம் எழுந்து நிற்க முடியாமல் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து திவ்யா, "அப்பா, பிரசவ வார்டுல இருந்து வந்த மாரி கீற" என்று கிண்டல் செய்தாள். இரண்டாவது ஞாயிறு வடக்கு மூலையோடு வேலை முடிந்தது. நான்காம் நாள், வியாழக்கிழமை, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கின நீ வீட்டுக்கு நடந்து வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், மாமா. யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படி என்ன அவசரம்?

மறுநாள் பந்தல் போட்டார்கள். எங்கே போட்டார்கள் என்று கேள். புல் மேலேதான். வேறு இடம் ஏது? நடுவிலே குழி தோண்டிக் கம்பு நட்டார்கள். நாற்காலிகள் போட்டார்கள். ஊர் ஜனமும் கம்பெனி ஆட்களும் நாள் முழுக்க அங்கேதான் நின்றார்கள், மிதித்தார்கள், டீ குடித்த கப்பைப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. உனக்காக வந்தவர்கள். எனக்கும் அன்றைக்குப் புல் நினைவில் இல்லை, நான் என்ன செய்கிறேன் என்பதே நினைவில் இல்லை.

அன்றைக்கு இருட்டும் நேரத்தில், உன்னைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, முனியம்மா அக்கா மறுபடி வந்தாள். என்னைக் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தாள். மற்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் காதோரம் வாயை வைத்து, "அம்சா, அழுவாத, நான் சொல்றதக் கேளு. புல்லு காஞ்சிக்கினு கீது. வேரு இன்னும் புடிக்கல. நாளைக்குக் காலைல தண்ணி காட்டலன்னா அத்தோட சரி" என்றாள். பிறகு பழையபடி சத்தமாக அழ ஆரம்பித்தாள்.

நான் அழுகையை நிறுத்தினேன். இரண்டு நாளில் முதல் தடவையாக, செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது என்று மனசில் பட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஆண்கள் பால் ஊற்றச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பந்தலைப் பிரித்து எடுத்துவிட்டிருந்தார்கள். நான் கூடத்தின் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். பதினாறு நாள் அங்கேயே உட்கார வேண்டும் என்று சாந்தி சொல்லியிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நட்ட கொத்துகள் நசுங்கி, பாதி மஞ்சளாகி, கம்பு நட்ட குழிகளைச் சுற்றி மண் பெயர்ந்து கிடந்தது. எழுந்தேன். மோட்டாரைப் போட்டேன். வாசல் படி இறங்கிப் போய் ஹோஸ் பைப்பை எடுத்தேன்.

தண்ணீர் வேகமாக விழுந்தால் மண் கரைந்து வேர் வெளியே வந்துவிடும் என்று நீ சொன்னது நினைவு வந்தது. பைப் வாயில் கட்டை விரலை வைத்து அழுத்தி, தூறல் மாதிரி விசிறினேன். காய்ந்த மண் உஸ்ஸென்று உறிஞ்சியது. தண்ணீர் என் புடவை மேலேயும் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன்.

சாந்தி ஓடிவந்தாள். "அண்ணி! இன்னா பண்ற? பைத்தியம் புட்ச்சிதா உனக்கு? எங்கண்ணன் குழி ஈரம்கூடக் காயல, வெளிய வந்து நிக்கற?"

"புல்லு காயுது சாந்தி."

"காஞ்சா காயட்டும்! நாலு பேரு பாத்தா இன்னா சொல்வாங்க? தெருவே பாக்குது பாரு!"

பார்த்தது. எதிர் வீட்டு சுசீலாம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். பால்காரர் வண்டியை நிறுத்தினார். சாந்தி என் கையிலிருந்து பைப்பைப் பிடுங்கப் பார்த்தாள், நான் விடவில்லை. இரண்டு பேரும் நனைந்தோம். கடைசியில் அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய், திவ்யாவை அனுப்பினாள்.

திவ்யா வாசல் படியிலேயே நின்று, "அம்மா, உள்ள வாம்மா. அசிங்கமா கீது. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். கண் வீங்கி, முகம் கறுத்து நின்ற பிள்ளை. அவளிடம் கோபித்துக்கொள்ள முடியுமா?

"உங்கப்பன் கையால கடைசியா நட்டது இது. உள்ள உக்காந்து அவர நெனச்சி அழுவறதும் நான்தான், இங்க நின்னு தண்ணி ஊத்தறதும் நான்தான். ரெண்டும் ஒண்ணுதான்டி. பாக்கறவங்க பாக்கட்டும்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் வடக்கு மூலைவரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் படி ஏறினேன். சாயங்காலம் மறுபடி இறங்கினேன். மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள் காலை நான் பைப்பை எடுக்கும்போது உள்ளே மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் திவ்யா. "இனிமே மோட்டாரு என் பொறுப்பு" என்றாள். அன்றிலிருந்து அவள்தான் போடுகிறாள்.

பேச்சு பரவாமல் இருக்குமா? சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் வாசலைத்தான் பார்த்தார்கள். பத்தாம் நாள் வளையல் உடைக்கப் பெண்கள் கூடினார்கள். "உடைக்க வேணாம், நானே கழட்டறேன்" என்று கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்கும் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்கட்டும், எனக்குக் கை வலித்தால் போதும் என்று இருந்தேன்.

இனி உன் அண்ணனிடம் வருகிறேன். உனக்கு மனசு கஷ்டப்படும், ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் அண்ணன் தணிகாசலம் கெட்டவர் இல்லை. உன்னைத் தூக்கும்போது அவர் அழுத மாதிரி யாரும் அழவில்லை. ஆனால் அவர் தண்ணி லாரி வைத்திருப்பவர். சோழவரம் பக்கம் அவர் போட்ட போரில் தண்ணீர் குறைந்துவிட்டது. நம் வீட்டுப் போரில் வருகிற தண்ணீர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பதினோராம் நாள், நீரோட்டம் பார்க்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு, செருப்புக் காலோடு, ஈரப் புல்லில் மேலும் கீழும் நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். நட்ட நடுவில்.

"இன்னா பெரிய மாமா இது?" என்று கேட்டேன்.

"உக்காரும்மா, சொல்றேன். தம்பி போய்ட்டான். உன்னையும் பொண்ணையும் நான்தான் பாக்கணும். இங்க ஆழமா ஒரு போரு போடலாம். லாரி உள்ள வர்ற மாரி கேட்ட அகலப்படுத்திக்கலாம். கம்பெனிக்காரன் எவ்ளோ தண்ணி குடுத்தாலும் வாங்கிக்கிறான். மாசாமாசம் உன் கைல டப்பு வந்துடும். நீ அந்தப் பேக்கிங் வேலைக்கு ஓடிக்கினு இருக்கத் தேவையில்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை, மாமா. அட்டைப்பெட்டி கம்பெனியில் நின்றே பார்க்கிற வேலை எனக்கு. கால் வீங்குகிறது. திவ்யாவின் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஒரு நிமிஷம் யோசித்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன்.

"அவரு இந்த எடம் சொம்மா இருக்கணும்னாரு" என்றேன்.

உன் அண்ணன் சிரித்தார். "அவன் ஆயிரம் சொல்வான். அவன் வெளாட்டுப் புள்ள. இப்ப ஆம்பள இல்லாத ஊடு இது. நல்லது கெட்டது நான் பாத்து முடிவு பண்றேன். வியாழக்கெழம வண்டி வருது."

என்னிடம் கேட்கவில்லை, பார்த்தாயா? வண்டி வருகிறது என்று சொன்னார்.

அவர் போனதும் செங்கல்லை எடுத்து மதில் ஓரமாகப் போட்டேன். பிறகு பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். மனை வாங்கும்போது, "எனக்கு அத்தினி எடத்துல கையெழுத்துப் போடறது பேஜாரு, நீயே போடு" என்று என் பேரில் எழுதினாயே, அது விளையாட்டுப் பிள்ளை செய்த காரியமா? இல்லை, தெரிந்தே செய்தாயா? நீ உயிரோடு இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு போர் லாரி தெருமுனையில் திரும்பியது. பின்னாலேயே உன் அண்ணன் பைக்கில் வந்தார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். பைப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கு உள்பக்கம் போய் நின்றேன்.

"தொறம்மா" என்றார் உன் அண்ணன்.

"தொறக்க மாட்டேன்."

"வெளாடாத. வண்டி வாடகை ஏறிக்கினு கீது."

"நான் கூப்பிடல பெரிய மாமா. நீங்க கூப்பிட்டீங்க, நீங்களே திருப்பி அனுப்புங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தெருவுல வெச்சி என் மானத்த வாங்கறியா? புருசன் செத்த மூணாம் நாளு புல்லுக்குத் தண்ணி ஊத்துனவதானே நீ! உனக்கு இன்னா தெரியும் குடும்பம்னா?"

அந்தப் பேர் என்னிடம் நேராக வந்தது அப்போதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "ஆமா, ஊத்துனேன். இன்னிக்கும் ஊத்தறேன், நாளைக்கும் ஊத்துவேன். குடும்பம்னா இன்னான்னு எனக்குத் தெரியாமலா இருவத்திரண்டு வருசம் நடத்துனேன்? வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றேன். என் குரல் தெருவுக்கே கேட்டது. திவ்யா உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். காலேஜுக்குப் போகாமல் நின்றுவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கே தெரியும்.

லாரியிலிருந்து போர் போடுகிறவர் இறங்கி வந்தார். சேலம் பக்கத்து ஆள் போல, பேச்சில் தெரிந்தது. "ஏனுங்கம்மா, இடம் யாரு பேர்லீங்க?" என்று கேட்டார். திவ்யா போனில் எடுத்து வைத்திருந்த பத்திரத்தைக் காட்டினாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, உன் அண்ணனிடம், "அண்ணா, ஊட்டுக்கார அம்மா வேண்டாம்னா நாங்க போடறதில்லீங்க. பின்னால வம்பாகிப் போயிரும்" என்றார். லாரியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு குறுகல், முனையில் திருப்புவதற்கே கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் நான் நகரவில்லை. கையில் இருந்த பைப்பிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி என் கால் சேற்றில் புதைந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

உன் அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று, "உனக்கும் எனக்கும் இத்தோட முடிஞ்சிது. கருமாதிக்கு என்ன எதிர்பாக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே வரவில்லை. சாந்தியும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், யார் கையால் செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நான் செய்றேன்" என்றாள் திவ்யா. ஐயர் இல்லை, பெரிய சடங்கும் இல்லை. நம் ஆட்களில் மூத்த ஒருவர் சொல்லச் சொல்ல, அவள் குளக்கரையில் பிண்டம் வைத்தாள். காகம் வந்தது. வந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவேன்?

அன்றைக்குப் பந்தலைத் தெருவில் போடச் சொன்னேன். புல்லில் ஒருவரையும் மிதிக்க விடவில்லை. அப்போதே அது பச்சை பிடித்து, கொத்துக்குக் கொத்து கை நீட்ட ஆரம்பித்திருந்தது.

இத்தோடு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. சித்திரை வந்தது. இந்த வருஷத்து வெயிலைப் பற்றி என்ன சொல்ல? தெருக் குழாயில் தண்ணீர் நின்று போனது. ஒரு நாள் காலை சுசீலாம்மா கேட்டருகே வந்து, சண்டைக்கு இல்லாமல் மெதுவாகவே கேட்டாள்: "ஏம்மா அம்சா, மன்சங்களுக்கே தண்ணி இல்ல. நீ புல்லுக்கு ஊத்திக்கினு கீற. ஞாயமா இது?"

அவள் இடுப்பில் காலிக் குடம் இருந்தது.

மறுநாள் முதல் பைப்பைக் கேட்டுக்கு வெளியே போட்டேன். காலையில் ஒரு மணி நேரம், வீட்டுக்கு இத்தனை குடம் என்று சொல்லி விட்டேன். புல்லுக்குத் துணி அலசின தண்ணீரும் நாங்கள் குளித்த தண்ணீரும் மட்டும். குளிக்கும்போது ஒரு டப்பில் நின்று குளித்து, அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவோம். போதவில்லை. கத்திரி வெயிலில் புல் எரிந்தது. மஞ்சளாகி, பழுப்பாகி, தேங்காய் நார் மாதிரி ஆனது. தண்ணீர் பிடிக்க வந்தவர்களிலேயே ஒருத்தி, "இதுக்காகவா குடும்பத்தப் பகைச்சிக்கினே?" என்றாள். என் போர்த் தண்ணீர் அவள் குடத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. அது நிரம்பியதும் பைப்பை அடுத்த குடத்துக்கு மாற்றினேன்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அதே சித்திரையில் வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து உன் கம்பெனியைப் பார்ப்பேன். வாசல் புல்தரை பச்சைப்பசேலென்று இருக்கும், காலையும் மாலையும் தண்ணீர் சுழன்று தெளித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் உன் அண்ணனின் லாரியே அந்த கேட்டுக்குள் போவதைப் பார்த்தேன். அங்கே போய் யாராவது, ஞாயமா இது என்று கேட்டார்களா? நம் வாசலில் கேட்கிறார்கள் என்றால், நாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறோம் என்றுதானே? சரி, கேட்கட்டும். நம்மைக் கேட்டதில் தப்பில்லை. அங்கேயும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முனியம்மா அக்கா வந்து பார்த்தாள். காய்ந்த கொத்து ஒன்றை விரலால் விலக்கி, அடியைக் கிள்ளிப் பார்த்து, "மேலதான் போயிருக்குது. உள்ள உசுரு கீது. ஊத்தறத நிறுத்தாத, கொஞ்சமா இருந்தாலும் ஊத்து" என்றாள். நிறுத்தவில்லை. பழுப்பு நாருக்கு நான் குடத்தில் அழுக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நீ போன மூன்றாம் நாள் பார்த்த அதே ஜனம்தான். எனக்குப் பழகிவிட்டது.

ஆனி கடைசியில் ஒரு சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டியது. அடுத்தடுத்து மூன்று நாள். ஒரு வாரத்தில் பழுப்புக்கு அடியிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. ஆடி முடிவதற்குள் இடைவெளி தெரியாமல் மூடிவிட்டது, மாமா. பந்தல் கம்பு நட்ட குழி எது என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியம்மா அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கோழிக் குழம்பு வைத்தேன். புல்லில் பாய் விரிக்கப் போனேன், அவள் பாயைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு வெறும் புல்லிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பதினேழு வருசமா புல்லு வளக்கறேன் அம்சா. குனிஞ்சிருக்கேன், நின்னுருக்கேன். உக்காந்ததில்ல" என்றாள். பிறகு தட்டை வாங்கி இரண்டு தடவை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். சோறு சிந்தியது. நாங்கள் எடுக்கவில்லை, எறும்புகள் எடுத்துக்கொண்டு போயின.

போன வாரம், நீ போய் ஆறு மாதம் ஆன அன்றைக்கு, உன் அண்ணன் வந்தார். பைக்கை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றார். இளைத்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"தம்பி கடைசியா எந்த எடத்துல நட்டான்?" என்று கேட்டார்.

வடக்கு மூலையைக் காட்டினேன். அங்கே போய் உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், தோள் குலுங்க அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அழுது முடித்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, புல்லின் நடுப்பக்கம் பார்த்து, "இன்னாதான் சொல்லு, அந்த எடத்துல போரு போட்டிருந்தா நல்ல தண்ணி வந்திருக்கும்" என்றார்.

"வந்திருக்கும் பெரிய மாமா. ஆனா போட வுட மாட்டேன்."

"தெரியும்" என்றார். எழுந்து, வேட்டியில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு, திவ்யாவின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனார். சாந்தி இன்னும் பேசவில்லை. அவள் பேசும்போது பேசட்டும்.

இதுதான் நடந்தது, மாமா. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. பேக்கிங் வேலையும் அப்படியேதான். சில நாள் வேலை விட்டு வந்து, புடவைகூட மாற்றாமல் புல்லில் மல்லாந்து படுத்துவிடுகிறேன். பொம்பளை வாசலில் படுத்துக் கிடக்கிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு இருக்கிறது. எழுந்திருக்கச் சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. இங்கே படுக்கிற உரிமையை நீ எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். எனக்கு மூச்சு இருக்கிறவரை இந்த இடத்தில் யாரும் எதையும் தோண்டப் போவதில்லை, விளைவிக்கப் போவதில்லை. தெருவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் முதல் குடம் தெருவுக்கு, மிச்சம் புல்லுக்கு. எனக்குப் பிறகு என்ன ஆகும் என்று திவ்யாவைக் கேட்டேன். "மோட்டாரு என் பொறுப்புன்னு சொன்னேல்ல?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன்னைக் கட்டிக்கொண்டவள், உன் மகளைப் பெற்றவள்,
யார் வைத்த பேருக்கும் வெட்கப்படாதவள்,
அம்சா